எல்லாருக்கும் 120/80

நேத்து ராத்திரி எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல சித்தப்பா ஒரு ஃபார்வர்டு போட்டார்.

தனியா இருக்கும்போது மாரடைப்பு வந்தா பலமா இருமணுமாம். விடாம இருமிட்டே இருந்தா இதயமும் விடாம ஓடுமாம். அப்படியே இருமிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்துடலாமாம். கடைசியில வழக்கம்போல, இத பத்துப் பேருக்கு அனுப்பணும்.

கீழ பதினோரு கும்பிடு எமோஜி. அதுல ஒண்ணு எங்கம்மாவோடது.

எனக்கு வந்த கோவத்துல எட்டுப் பத்திக்கு ஒரு பதில் டைப் பண்ணேன். மாரடைப்புன்னா இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாய் அடைச்சிக்கறது, கார்டியாக் அரெஸ்டுன்னா இதயமே நின்னுபோறது, ரெண்டும் வேற வேற. அடைப்ப இருமல் எடுக்காது. இதயம் நின்னா சில நொடியில நினைவு போயிடும், அப்புறம் யாரு இருமறது? கேத் லேப்ல மானிட்டர் மாட்டிப் படுக்க வெச்சிருக்கற ஆளப் பாத்து டாக்டர் "இருமுங்க"ன்னு சொல்ற சந்தர்ப்பம் ஒண்ணு உண்டு, அது சோஃபாவுல உக்காந்திருக்கற நமக்கு இல்ல...

எழுதி முடிச்சுப் படிச்சுப் பாத்தேன். எல்லாம் சரி. ஒரு தப்பும் இல்ல.

முழுசா அழிச்சுட்டேன்.

ஏன் அழிச்சேன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. (சுத்தி வளைச்சுத்தான் வருவேன். டீ போட்டுட்டு வந்துடுங்க.)

*

புதுசா வர்றவங்களுக்காக ஒரு முன்கதை. நான் இங்க டெக்சாஸ்ல, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற கம்யூனிட்டி காலேஜ்ல இ.எம்.டி. கோர்ஸ் படிச்சேன். எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன். ஆம்புலன்ஸ் வேலைக்கு இதுதான் வழக்கமான முதல் படி. அதுக்கு மேல அட்வான்ஸ்டு இ.எம்.டி., அதுக்கும் மேல பாராமெடிக்.

எனக்கு வயசு 43. பதினெட்டு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஒரு வெள்ளிக்கிழமை பத்து நிமிஷ மீட்டிங்ல "நன்றி, போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. மூணு மாசம் ரெஸ்யூமே அனுப்பி அலுத்துப்போச்சு. ஸ்க்ரீனப் பாக்காம கையால ஏதாவது செய்யக் கத்துக்கணும்னு ஒரு வெறி. காலேஜ் வெப்சைட்டுல என் நேரத்துக்கு ஒத்து வந்தது ரெண்டு. வெல்டிங், இ.எம்.டி.

வெல்டிங் க்ளாஸ் ஃபுல்.

(மனித குலத்துக்குச் சேவை செய்யணும்ங்கற ஆசைன்னு மத்தவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். காட்டிக் குடுத்துடாதீங்க.)

கம்யூனிட்டி காலேஜ்னு சொன்னதும் நம்ம ஆளுங்க முகம் போற போக்கு இருக்கே, அது ஒரு தனி சினிமா. "ஓ... கம்யூனிட்டி காலேஜா?" ஊர்ல "பாலிடெக்னிக்கா?"ன்னு இழுப்பாங்களே, அதே இழுவை. ஆனா 1901-ல இல்லினாய் மாநிலத்து ஜோலியட்ல ஆரம்பிச்ச சமாச்சாரம் இது. பெரிய யுனிவர்சிட்டிய விட ஃபீஸ் ரொம்பக் கம்மி, சாயங்கால வகுப்பு, வயசு வித்தியாசமும் கிடையாது. இந்த ஊர் நர்ஸ், மெக்கானிக், தீயணைப்பு வீரர் நிறையப் பேர் இந்த மாதிரி கட்டடங்கள்லேர்ந்துதான் வர்றாங்க.

வாரத்துல ரெண்டு சாயங்காலம் தியரி. சனிக்கிழமை முழுக்க ஸ்கில்ஸ் லேப்.

தியரியில நான்தான் ராணி. பின்ன? மனப்பாடம் நம்ம பரம்பரைச் சொத்தாச்சே. முதல் டெஸ்டுல 96. பக்கத்து சீட்டுல ஃபயர் சர்வீஸுக்குப் போகத் துடிக்கற 19 வயசுப் பையன், 71. அவனுக்கு நான் நோட்ஸெல்லாம் குடுத்தேன். பெருந்தன்மையா.

அப்புறம் சனிக்கிழமை வந்துச்சு.

*

லேப்ல நாலஞ்சு பொம்மை தரையில கிடந்துச்சு. கை காலு இல்லாம, தலையும் நெஞ்சும் மட்டும்.

அந்தப் பொம்மைக்கு ஒரு கதை இருக்கு. 1960-ல நார்வேக்காரர் ஆஸ்மண்ட் லேர்டால் செஞ்சது. அவர் பொம்மை வியாபாரி, குழந்தைங்க விளையாடற பிளாஸ்டிக் பொம்மை. பாரிஸ்ல சேன் நதியில செத்துப்போன பேர் தெரியாத பொண்ணு ஒருத்தியோடதுன்னு சொல்ற முகமூடி ஒண்ணு அந்தக் காலத்துல ஐரோப்பாவுல நிறைய வீட்டுச் சுவத்துல தொங்கும். அந்த முகத்தத்தான் பொம்மைக்கு வெச்சார். யாருன்னே தெரியாத ஒருத்தி வாயில உலகமே மூச்சு ஊதிப் பழகியிருக்கு. முதல் நாள் இத நெனச்சுட்டு மண்டி போட்டப்ப கொஞ்சம் சிலுத்துச்சு.

ரெண்டு நிமிஷத்துல சிலிர்ப்பெல்லாம் போயி முட்டிவலி வந்துடுச்சு.

சி.பி.ஆர்., அதாவது நெஞ்ச அழுத்தி மூச்சு ஊதறது, எனக்குத் தெரியும். நிமிஷத்துக்கு 100-லேர்ந்து 120 அழுத்து. குறைஞ்சது 5 செ.மீ. ஆழம், 6-ஐத் தாண்டக் கூடாது. 30 அழுத்துக்கு 2 மூச்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

ஆனா 5 செ.மீ.ங்கறது எவ்வளவு பலம்னு என் கைக்குத் தெரியாது.

நான் அழுத்தறேன், ஆழம் சரியா போனா எரியற விளக்கு பொம்மைல எரியல. இன்னும் அழுத்தறேன், எரியல. குனிஞ்சு பாத்தா முழங்கை ரெண்டும் மடங்கி, சப்பாத்தி மாவு பிசஞ்சுட்டு இருக்கேன். முழங்கைய நீட்டி, தோள நேரா கைக்கு மேல கொண்டு வந்து, உடம்பு எடைய எறக்கணும். ஒவ்வொரு அழுத்துக்கும் அப்புறம் நெஞ்சு முழுசா மேல வர விடணும். களைப்புல அது மேலயே சாஞ்சு கிடந்தா இதயத்துல ரத்தம் திரும்ப நெறையாது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் மாத்தணும்னு புத்தகத்துல படிச்சப்ப, "ரெண்டே நிமிஷமா?"ன்னு சிரிச்சிருந்தேன். ஒண்ணரை நிமிஷத்துல கண்ணுல பூச்சி பறந்துச்சு.

வேகத்துக்கு இங்க எல்லாரும் பீ ஜீஸ் குழுவோட 'ஸ்டேயிங் அலைவ்' பாட்ட மனசுல ஓட்டுவாங்க. நிமிஷத்துக்கு நூத்திச் சொச்சம் தாளம், சரியா பொருந்தும். எனக்கு அந்தப் பாட்டு ஒட்டல. மனசுல ஒரு குத்துப்பாட்டப் போட்டேன். வாத்தியார் வந்து கடிகாரத்தக் காட்டி, "140 போகுது, என்ன அவசரம்?"னு கேட்டார்.

(எங்க வாத்தியார் முப்பது வருஷம் ஆம்புலன்ஸ்ல ஓடினவர். தோள்பட்டை கதவு அகலம். குரல் மட்டும் அர்ச்சனைக்குப் பேரு நட்சத்திரம் கேக்கற குருக்கள் மாதிரி, அவ்வளவு மெதுவா வரும்.)

*

அடுத்தது ஆம்பு பேக். மூச்சு நின்னவங்களுக்கு முகத்துல மாஸ்க் வெச்சுப் பைய அமுக்கிக் காத்து குடுக்கறது. படத்துல பாத்தா குழந்தை கூட செய்யும்.

கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மாஸ்க் மேல 'சி' மாதிரி. மிச்ச மூணு விரல் தாடை எலும்புல 'இ' மாதிரி. நான் மாஸ்க்க முகத்துல போட்டு அமுக்கினேன். ஓரத்துல 'பொர்ர்ர்'னு காத்து போச்சு. கல்யாண வீட்ல பலூன் விட்ட மாதிரி. இன்னும் அமுக்கினேன், இன்னும் பொர்ர்ர்.

மாஸ்க்க முகத்துல அமுக்கக் கூடாது. முகத்த மாஸ்க்குக்குள்ள தூக்கணும். தாடைய மேல இழுக்கணும். அப்பத்தான் நாக்கு விலகி வழியும் தொறக்கும், ஓரமும் அடையும். இதுவும் புத்தகத்துல ஒரு வரியா இருந்துச்சு. நான் அடிக்கோடு கூட போட்டிருந்தேன்!

அதவிடக் கஷ்டம் பொறுமை. ஆறு நொடிக்கு ஒரு தடவ, நெஞ்சு லேசா எழும்பற அளவுக்குத்தான் அமுக்கணும். பதட்டத்துல இருக்கறவனுக்கு ஆறு நொடிங்கறது ஆறு வருஷம். வேகமா அமுக்கினா காத்து வயித்துக்குப் போயி, வாந்தி வந்து, அது நுரையீரலுக்குப் போயி... கிளம்பினது காப்பாத்தறதுக்கு.

ரத்தப்போக்க நிறுத்தற பட்டை, டூர்னிக்கே, கட்டிப் பழகினது ஒருத்தர் காலுல ஒருத்தர். காயத்துக்கு ரெண்டு மூணு அங்குலம் மேல, மூட்டு மேல வராம, ரத்தம் நிக்கற வரைக்கும் முறுக்கி, கட்டின நேரத்த எழுதணும். ஃபயர் பையன் என் தொடையில முறுக்கினப்ப நான் போட்ட சத்தத்துல பக்கத்து ரூம் அக்கவுண்டிங் க்ளாஸ் வந்து எட்டிப் பாத்துச்சு. "வலிக்கலன்னா கட்டல"ன்னார் வாத்தியார்.

(இங்க ஒரு இடைச்செருகல். இது கட்டுக்கடங்காம பீச்சற ரத்தத்துக்கு. பாம்புக்கடிக்கு இல்ல! நம்ம சினிமால கதாநாயகன் தாவணியக் கிழிச்சு இறுக்கிக் கட்டி, வாய வெச்சு உறிஞ்சித் துப்புவாரே, ரெண்டும் தப்பு. கால அசைக்காம வெச்சு, விஷமுறிவு மருந்து இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஓடறதுதான் வைத்தியம்.)

இதெல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யணும். அதுதான் இங்க முறை. ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் ஒரு ஸ்டேஷன், அதுக்குள்ள நுழையும்போதே "பி.எஸ்.ஐ., சீன் ஸேஃப்"னு ஆரம்பிக்கணும். கையுறை போட்டாச்சு, இடம் ஆபத்தில்லன்னு அர்த்தம். அதச் சொல்லாம, செய்யாம விட்டா மத்ததெல்லாம் தங்கமா செஞ்சாலும் ஃபெயில். காப்பாத்த வந்தவனே செத்துப்போனா யாரையும் காப்பாத்த முடியாதுங்கற நியாயம்தான்.

அது நாக்குல ஒட்டி, வீட்லயும் வந்துடுச்சு. ஒருநாள் கிச்சனுக்குள்ள நுழையும்போது "சீன் ஸேஃப்?"னேன். உள்ள வீட்டுக்காரர், இருமிக்கிட்டே: "இல்ல. மிளகா வத்தல் வறுக்கறேன்."

*

இப்ப விஷயத்துக்கு வரேன்.

மூணாவது சனிக்கிழமை, பி.பி. பாக்கற ஸ்டேஷன். மெஷின் கிடையாது. கையால காத்தடிக்கற பட்டை, ஸ்டெதஸ்கோப். காத்தடிச்சு ரத்த ஓட்டத்த நிறுத்தி, நொடிக்கு ஒரு கோடு கணக்குல மெதுவா எறக்கணும். முதல் 'டப்' கேக்கற எடம் மேல் எண். சத்தம் மறையற எடம் கீழ் எண்.

நான் ஸ்டெதஸ்கோப்ப மாட்டினேன். காத்தடிச்சேன். எறக்கினேன்.

ஒண்ணும் கேக்கல.

ரெண்டாவது தடவ. ஒண்ணும் கேக்கல. முள்ளு மட்டும் லேசா துள்ளிச்சு. பின்னாடி நாலு பேர் வரிசையில நிக்கறாங்க. எதிர்ல வாத்தியார் கையில பேனாவோட.

நான் சொன்னேன்: "120/80."

இந்த எடத்துல உங்ககிட்ட ஒரு கேள்வி. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல் ஞாபகம் இருக்கா? உங்களுக்கு வந்த சால்ட் என்னன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? சத்தியமா சொல்லுங்க. எங்க ஸ்கூல்ல லேப் அண்ணன் பக்கத்துல வந்து கொட்டாவி விடற மாதிரி வாயப் பொத்திக்கிட்டு "அம்மோனியம்"ன்னுட்டுப் போவார். அப்புறம் நாங்க விடையிலேர்ந்து பின்னாடி நடந்து, எல்லா டெஸ்டுக்கும் 'வெண்மை நிற வீழ்படிவு' எழுதுவோம். பிசிக்ஸ்ல இன்னும் மோசம். வர வேண்டிய விடைய வெச்சுக்கிட்டு, பெண்டுலம் எத்தன நொடியில ஆடியிருக்கணும்னு கணக்குப் போடுவோம். ரொம்பச் சரியா இருந்தா சந்தேகம் வரும்னு கடைசி தசமத்துல கொஞ்சம் பிழையும் சேப்போம். அதுல நானெல்லாம் கலைஞி. 200-க்கு 196. பிராக்டிகல் 50-க்கு 50.

அந்த வாய்தான் 120/80 சொன்னது. யோசிக்கக் கூட இல்ல. ரீடிங் வரலையா, வர வேண்டிய ரீடிங்க எழுது. நிறையப் பேருக்கு நார்மல் அதுதானே?

நான் கவனிக்காத ஒண்ணு இருந்துச்சு. அந்த ஸ்டெதஸ்கோப்புக்கு ரெண்டு ஜோடி காது. சொல்லிக் குடுக்கறதுக்குன்னே செய்யறது. மறு ஜோடி வாத்தியார் காதுல.

"எனக்கு 148/92 கேட்டுச்சு"ன்னார். அதே குருக்கள் குரல்ல. அப்புறம் கை நீட்டி என் காதுலேர்ந்து ஸ்டெதஸ்கோப்பக் கழட்டி, திருப்பி மாட்டினார். காதுமுனை மூக்குப் பக்கம் பாத்து இருக்கணுமாம். நான் பின்பக்கமா மாட்டியிருந்திருக்கேன். செவுடாத்தான் உக்காந்திருந்தேன்.

எனக்கு அடுத்து ஃபயர் பையன். நான் மாட்டிக்கிட்டதப் பாத்து உஷாராயிட்டான். வாத்தியார் காதுல மாட்டாம தள்ளி நின்னதும், நிஜம் மாதிரி இருக்கட்டும்னு ஒரு எண்ணச் சொன்னான். "117/83."

வாத்தியார் அந்த டயல அவன் மூஞ்சிக்கு நேரா பிடிச்சார். "இதுல ரெண்டு ரெண்டா கோடு போட்டிருக்கு. 117 எங்க இருக்கு, காட்டு."

(கடைசி தசமத்துல பிழை சேக்கற கலைக்கு அமெரிக்காவுலயும் வாரிசு இருக்கு. அதுல ஒரு சின்ன ஆறுதல்.)

அப்புறம் எல்லாரையும் உக்கார வெச்சு அவர் சொன்னத என் தமிழ்ல சொல்றேன். "நெஞ்சுவலிக்காரர் ஒருத்தர்கிட்ட டாக்டர் எழுதிக் குடுத்த நைட்ரோகிளிசரின் இருக்கு. அதப் போட்டுக்க உதவலாமா? மேல் எண் 100-க்குக் கீழ இருந்தா கூடாதுன்னு படிச்சிருக்கீங்க. அது ரத்தக்குழாய விரிச்சு அழுத்தத்த இன்னும் எறக்கும். நிஜத்துல 84. உனக்குக் கேக்கல, நீ 120-ன்னு சொல்லிட்ட. நான் உன்ன நம்பி மருந்தக் குடுத்துட்டேன். கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு. அதுவும் ஒரு ரீடிங்தான்."

பதினெட்டு வருஷம் டெஸ்டிங் பாத்தவ நான். ஓட்டாத டெஸ்ட்ட 'பாஸ்'னு போட்ட எத்தனையோ பேரப் பிடிச்சுத் திட்டியிருக்கேன். அன்னிக்குக் கார் ஓட்டிட்டு வரும்போது ரேடியோ கூட போடல.

*

வாத்தியார்தான் இன்னொரு நாள் ஃப்ரீடம் ஹவுஸ்ங்கற ஆம்புலன்ஸ் சர்வீஸோட கதையும் சொன்னார். 1960-கள்ல அமெரிக்காவுல நிறைய ஊர்ல ஆம்புலன்ஸ் ஓட்டினது யாருன்னு நெனைக்கறீங்க? சவ அடக்கக் கம்பெனிங்க! படுக்க வெச்சு எடுத்துட்டுப் போற வண்டி அவங்ககிட்டதானே இருந்துச்சு. 1966-ல நேஷனல் அகாடமி ஆஃப் சயின்ஸஸ் ஒரு அறிக்கை வெளியிட்டு, விபத்துச் சாவுங்கறது இந்தச் சமூகம் கண்டுக்காம விட்ட நோய்னு சொல்லிச்சு. அதே வருஷம்தான் பிட்ஸ்பர்க்ல பீட்டர் சாஃபர்ங்கற டாக்டரோட 11 வயசுப் பொண்ணு ஆஸ்துமாவுல செத்துப்போனா. சி.பி.ஆர். உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் அவர். லேர்டால அந்தப் பொம்மைய செய்ய வெச்சதுலயும் அவருக்குப் பங்கு உண்டு.

1967-ல அதே பிட்ஸ்பர்க்ல, ஹில் டிஸ்ட்ரிக்ட்ங்கற கறுப்பர் பகுதியில ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சர்வீஸ் ஆரம்பிச்சாங்க. வேலையில்லாம இருந்த ஆளுங்க, பள்ளிக்கூடத்த முடிக்காதவங்களும் உண்டு. சாஃபர் அவங்களுக்கு சுமார் 300 மணி நேரப் பயிற்சி குடுத்தார். இந்த நாட்டுல முதல் பாராமெடிக்குன்னு சொல்ற கூட்டத்துல அவங்களுக்குப் பெரிய இடம். 1975-ல நகராட்சி தானே சர்வீஸ் நடத்தறேன்னு அத மூடிடுச்சு. ஆனா அவங்க பழகின வழிதான் இன்னிக்கு நாங்க பழகற வழி.

"அவங்களுக்கு உன் அளவுக்கு மார்க் வந்திருக்காது"ன்னார் என்னப் பாத்து. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். வலிச்சுது.

*

கோர்ஸ் முடியறதுக்கு முன்னாடி ஆம்புலன்ஸ்ல பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட். யாரு, என்ன, எங்கன்னு நோயாளியப் பத்தி எதுவும் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. வயசானவங்க, பேசிட்டு வந்தாங்கன்னு மட்டும் வெச்சுக்கோங்க.

வண்டி ஓடுது. பாராமெடிக்கம்மா என்கிட்ட பட்டையத் தூக்கிப் போட்டு, "பி.பி."ன்னாங்க.

காதுமுனை மூக்குப் பக்கம். சரி. காத்தடிச்சேன். எறக்கினேன். காதுல இஞ்சின் சத்தம், ரோட்டுப் பள்ளம், அலமாரிக் கதவு ஆடற சத்தம், என் இதயம். அவங்க இதயத்தத் தவிர எல்லாம் கேட்டுச்சு.

120 தொண்டை வரைக்கும் வந்துச்சு. சத்தியமா. பாழாப்போன பழக்கம்.

"கேக்கல"ன்னேன்.

அந்தம்மா நிமிர்ந்து கூடப் பாக்கல. "சரி, பல்ஸ்ல பாரு"ன்னாங்க. அவ்வளவுதான். திட்டு இல்ல, ஆச்சரியம் இல்ல.

மணிக்கட்டுல நாடியப் பிடிச்சுக்கிட்டு காத்தடிக்கணும். நாடி நின்னதுக்கு அப்புறம் இன்னும் கொஞ்சம் ஏத்தி, மெதுவா எறக்கிட்டே வந்தா ஒரு எடத்துல விரலுக்கடியில துடிப்பு திரும்ப வரும். அதுதான் மேல் எண். கீழ் எண் கிடைக்காது. கிடைக்காதத எழுதக் கூடாது. அந்த எடத்துல வெறும் 'பி'ன்னு போடணும். விரலால பாத்ததுன்னு அர்த்தம்.

துடிப்பு வந்துச்சு. 138.

"138 பை பால்ப்"னேன். அந்தம்மா எழுதிக்கிட்டாங்க. பாதிதான் தெரிஞ்ச ஒரு எண்ண, பாதிதான் தெரியும்னு சொல்லி, அத ஒருத்தர் மதிச்சு எழுதிக்கிட்டது என் வாழ்க்கையில அதுதான் முதல் தடவ. (எறங்கறப்ப ஒரு குறுக்குவழியும் சொன்னாங்க: குதிகாலத் தரையிலேர்ந்து தூக்கிக்கோ, நோயாளி கைய உன் தொடை மேல வெச்சுக்கோ, வண்டி ஆட்டம் பாதி குறையும். குறையுது!)

*

சரி, சித்தப்பா.

நான் எழுதின எட்டுப் பத்தியும் தியரி பேப்பர். 96 மார்க் வரும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு அடைக்கற ஒரு மனுஷனுக்கு அதுல செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. அந்தப் பொய் ஃபார்வர்டு ஏன் இத்தன வருஷமா ஓடுதுன்னு யோசிச்சேன். அதுல செய்ய ஒரு வேலை இருக்கு. 'இருமு.' தனியா இருக்கற பயத்துக்கு அது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியப் பிடுங்கணும்னா பதிலுக்கு இன்னொண்ணக் குடுக்கணும்.

அதனால, செய்யவேண்டியத வரிசையா எழுதி எங்க லேப்ல குடுக்கற ஸ்கில் ஷீட் மாதிரி எழுதி அனுப்பினேன்.

"சித்தப்பா, இருமாதீங்க. நெஞ்சு வலிச்சா இத மட்டும் செய்யுங்க.
1. 108-க்கு போன். ஸ்பீக்கர்ல போடுங்க, வெக்காதீங்க.
2. வாசக்கதவத் தொறந்து வையுங்க, லைட்டப் போடுங்க.
3. பக்கத்து வீட்டுக்கு ஒரு குரல்.
4. உக்காருங்க. நடக்காதீங்க, வண்டி எடுக்காதீங்க.
ஜனவரியில வரேன். ஒரு பழைய தலையணை எடுத்து வையுங்க. சித்திக்கும் உங்களுக்கும் நெஞ்ச எப்படி அழுத்தறதுன்னு காட்டறேன்."

பத்து நிமிஷம் பதிலே இல்ல. அப்புறம் சித்தப்பா கேட்டார்: "கதவு எதுக்கும்மா?"

"மயங்கிட்டீங்கன்னா அவங்க எப்படி உள்ள வருவாங்க?"

மறுபடியும் கொஞ்ச நேரம் ஒண்ணும் வரல. அப்புறம் ஒரு போட்டோ. ராத்திரியில பூட்டற கிரில் கேட், அதுல தொங்கற பெரிய பூட்டு. கீழ: "சாவி பீரோல இருக்கு. நாளைலேர்ந்து கட்டில் பக்கத்துல வெச்சுக்கறேன்."

பதினோரு கும்பிடவிட எனக்கு அந்தப் பூட்டு போட்டோ பெரிசு.

(காலையில எழுந்து பாத்தா அதே குரூப்ல சித்தப்பாவோட அடுத்த ஃபார்வர்டு. வெந்நீர்ல எலுமிச்சம்பழம். பத்துப் பேருக்கு அனுப்பணுமாம்.)